மண் வீடு மருந்தாகுமா?

"டாக்டர் சார், மண் வீடு கட்டி அதுல போய் உட்கார்ந்துட்டா என் இரைப்பு சரியாயிரும்ல?"

போன பங்குனி மாதம் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். வயது அறுபத்திரண்டு. சென்னையில் ஒரு பாங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்துமா. சட்டைப் பையில் இன்ஹேலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு நோட்டு. அதைப் பிரித்து மேஜை மேல் வைத்தார்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் பூர்வீக நிலம் முப்பது சென்ட் இருக்கிறதாம். நடுவில் இருபது அடிக்குப் பதினாறு அடியில் ஒரு மண் வீடு. பனங்கை வைத்த ஓலைக் கூரை, சாணம் மெழுகிய தரை, படுக்கக் கோரைப்பாய். மூலையில் அம்மி, ஆட்டுக்கல், விறகு அடுப்பு எல்லாம் பென்சிலில் அழகாக வரைந்திருந்தார்! சென்னை ஃபிளாட்டுக்கு ஆளும் பார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் அட்வான்ஸ்.

கூட வந்த மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. "இவங்க யார் சொல்லியும் கேக்க மாட்டேங்கறாங்க டாக்டர். சித்த வைத்தியர் சொன்னா கேப்பேன்னாங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் கடைசியில்.

சித்த வைத்தியன் என்றால் மண் வீடு, மண் சட்டி, வேப்பங்குச்சி எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டுவான் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் ஆட்டத்தான் ஆசை. ஆனால் என்னால் அன்றைக்கு "ஆமாம்" என்று சொல்ல முடியவில்லை. "அட்வான்ஸ் வாங்காதீங்க. ஒரு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க, பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

ஏன் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தாத்தா கட்டிய வீடு

நான் பிறந்ததே மண் வீட்டில்தான். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே தாமிரபரணிப் பாசனத்து ஊர். நான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால் தாத்தாவும் அவருடைய தம்பிமார்களும் தங்கள் கையாலேயே கட்டியது. கொத்தனார் என்று ஒருவர் வந்தாராம். மற்றபடி மிதித்தது, சுமந்தது, பூசியது எல்லாம் வீட்டு ஆட்கள்தான்.

குளத்து மண்ணை மட்டும் வைத்துச் சுவர் எழுப்பினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதனால் செம்மண், மணல், நறுக்கிய வைக்கோல் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் விட்டு மிதித்து, சில நாள் புளிக்க விடுவார்கள். தோசை மாவு மாதிரிதான்! புளித்ததை மறுபடி மிதித்து, உருண்டை உருண்டையாக வாங்கி, ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர் வைப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு முழ உயரம், அதற்கு ஒரு படை என்று பேர். அந்தப் படை காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும். தை அறுவடை முடிந்து ஆரம்பித்தால் வைகாசிக்குள் கூரை போட்டாக வேண்டும்.

உள்ளே ஒரே அறை. பன்னிரண்டுக்குப் பதினெட்டு. முன்னால் திண்ணை, பின்னால் அடுப்பங்கரை. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கருங்கல் அடித்தளம். அதன் மேல்தான் மண் சுவர். திண்ணைக்கு ஏற நாலு படி. எங்கள் ஆச்சி ஒவ்வொரு தடவை ஏறும்போதும், "இந்த மனுசன் வீடு கட்டச் சொன்னா கோயில் கட்டி வச்சிருக்காரு" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்டுவாள். அந்தப் படிக்குக் காரணம் என்ன என்பது எனக்கு விளங்க ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் வெளியே கால் வைக்க முடியாது. உள்ளே வந்தால் ஆளைத் தூக்கும் தூக்கம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒன்றரை அடி மண் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். வெளிப்பக்கம் வாங்கிய சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் ராத்திரி ஆகிவிடும். அதற்குள் வெளியே காற்று குளிர்ந்திருக்கும். ஓலைக் கூரையோ சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. நம் கான்கிரீட் தளத்தின் சங்கதி நேர்மாறு. நாலு அங்குலத் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து நம் தலை மேல் இறக்கும். மொட்டை மாடி வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. மண் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, காற்று உலரும்போது திருப்பிக் கொடுக்கும். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த சுவர் இதைச் செய்யாது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் லேசில் பிடிக்காது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது வெறும் அழகுக்கு இல்லை.

இவ்வளவு நல்ல வீட்டில்தான் என் அம்மா இருமிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவின் இருமல்

1987-ல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது அம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது. விடியற்காலையில் எழுந்தால் அரை மணி நேரம் இருமல். படி ஏறினால் மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் படுக்க முடியாது; சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். "அவளுக்குச் சளி உடம்புலே" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

எனக்கோ புதிதாகப் படித்த ஜோர்! லீவில் வரும்போதெல்லாம் வைத்தியம் செய்தேன். ஆடாதோடைக் குடிநீர் கொடுத்தேன். தாளிசாதி சூரணம் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பத்து நாள் நன்றாக இருப்பாள். நான் காலேஜுக்குத் திரும்பியதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மருந்தில் கோளாறா, அனுபானத்தில் கோளாறா என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

1990 பொங்கல் கழிந்து எங்கள் பேராசிரியர் ஒருவர் திருச்செந்தூர் போகிற வழியில் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். ஐப்பசி மழையில் நனைந்து சரியாகக் காயாத பனை மட்டை. அம்மா ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். ஆளே தெரியாத அளவுக்குப் புகை. பேராசிரியர் வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு முன்னால உட்கார்றாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் வைத்தியம் பார்த்த மகனுக்கு அது தெரியவில்லை! கணக்குப் போட்டேன். காலையில் இரண்டரை மணி நேரம். சாயங்காலம் இரண்டு. நெல் அவிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம். கல்யாணமாகி வந்த பதினேழு வயதிலிருந்து இப்படித்தான்.

"நாடி பார்த்தே, நாக்கைப் பார்த்தே. புகை எது வழியாப் போகுதுன்னு பார்த்தியா?" என்றார் அவர். அது போக வழியே இல்லை. அந்த அடுப்பங்கரைக்கு ஒரு சின்ன சாளரம், அதையும் பூனை வருகிறது என்று அடைத்து வைத்திருந்தோம்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

மறுநாள் கூரையில் வழி விட்டு, குயவரிடம் சொல்லி மண் குழாய் செய்து புகைபோக்கி வைக்க வேண்டும் என்றேன். அப்பா ஒரேயடியாகக் குதித்தார். "ஓடியாடி கட்டின வீட்டுக்கு ஓட்டை போடப் போறியாலே? பொகை பட்டாத்தாம்லே பனங்கையில உளு விழாது!" அவர் சொன்னது பொய்யில்லை. கூரை ஓலையும் கைமரமும் கரியேறி மினுமினுவென்று இருக்கும். பூச்சி அண்டாது. ஐம்பது வருஷம் அந்தக் கூரை மரம் நின்றது அந்தப் புகையால்தான்.

ஒரு மாதம் சண்டை போட்டேன். கடைசியில் அடுப்பையே வீட்டை விட்டு வெளியே, கொல்லையில் மூன்று பக்கம் திறந்த சாய்ப்புக்குக் கொண்டுபோனோம். புகைபோக்கியும் வைத்தோம். அடுத்த கார்த்திகைக்கு அம்மா பாயில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அப்பா சொன்ன மாதிரியே மூன்றாம் வருஷம் கைமரத்தில் உளு விழுந்தது. "பாத்தியாலே, நான் சொன்னேம்லா" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்!

ஆனால் கெட்டுப்போன நுரையீரல் திரும்பவில்லை. அதற்கு மேல் மோசமாகும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2003-ல் அறுபது வயதில் அம்மா போனாள். பீடியைக் கையால் தொடாதவள். நாற்பது வருஷம் பீடி குடித்தவர் நெஞ்சு மாதிரி இருந்தது அவள் எக்ஸ்ரே.

விறகு, வரட்டி, மண்ணெண்ணெய் என்று வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 2016-ல் வந்த உஜ்வலா காஸ் இணைப்புத் திட்டத்தை அரசியலாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். கிராமத்துப் பெண்களின் இருமலை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில், சிலிண்டர் வீட்டுக்குள் வந்த நாளை நான் நல்ல நாள் என்றுதான் சொல்வேன். சிலிண்டர் விலையால் மறுபடி விறகுக்குப் போகிறார்களே, அதுதான் கவலை.

சாரனாக் ஏரியும் நம்ம திண்ணையும்

சின்னக் குடிசையில் போய் வாழ வேண்டும் என்ற ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1845-ல் வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு மர வீடு தானே கட்டினார். செலவு 28 டாலர் சொச்சம். இரண்டு வருஷத்துக்கு மேல் அதில் இருந்து எழுதிய புத்தகம் காந்தியடிகள் வரைக்கும் வந்தது. ஆனால் வைத்தியனுக்கு வேறொன்று கண்ணில் படும். அவர் 1862-ல் நாற்பத்து நாலு வயதில் காசநோயில் இறந்தார். வீடு சின்னதாகவும் எளிமையாகவும் இருந்தால் மட்டும் நுரையீரல் தப்பித்துவிடாது.

அதே நாட்டில் டாக்டர் ட்ரூடோ என்று ஒருவர். அவருக்கே காசநோய். சாரனாக் ஏரிப் பக்கத்து மலைக்காட்டில் தங்கியதில் உடம்பு தேறியது. பல வருஷம் கழித்து, ஏழை நோயாளிகளுக்காக ஒரே அறை உள்ள ஒரு சின்ன மர வீட்டைக் கட்டினார். பேர் 'லிட்டில் ரெட்'. 1885-ல் முதலில் வந்தவர்கள் அக்கா தங்கை இரண்டு பேர், பாக்டரித் தொழிலாளிகள். பிறகு அந்த ஊர் முழுக்க இப்படிப்பட்ட வீடுகள் வந்தன. அவற்றில் முக்கியமானது அறை இல்லை. முன்னால் இருந்த திறந்த தாழ்வாரம்தான். நோயாளிகள் குளிர்காலத்தில்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேதான் படுத்துக் கிடப்பார்கள். நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு. ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வரும்வரை டாக்டர்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

நம்ம திண்ணை என்ன, அதுதானே? எங்கள் தாத்தா மழை நாள் தவிர உள்ளே படுத்ததே கிடையாது. ஒரே அறைக்குள் எட்டுப் பேர் கதவைச் சாத்திப் படுத்தால், ஒருவர் நெஞ்சில் இருக்கும் காசநோய் இன்னொருவருக்குப் போக எத்தனை நாள் ஆகும்? அந்தக் காலத்து மண் வீடுகளில் ஜன்னலே சின்னது. திருடன் பயம், பாம்புப் பயம். இன்றைக்குக் கட்டுகிறவர்கள் தாத்தாவின் சுவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஜன்னலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் 'நோயில்லா நெறி' என்று ஒரு பாடமே இருக்கிறது. எந்த நிலத்தில் குடியிருந்தால் என்ன நோய் வரும் என்பதிலிருந்து தொடங்கும். நெய்தலில் வாதம், முல்லையில் பித்தம்... வயலும் ஆறும் உள்ள மருதமே நோயில்லாத நிலம். பிறகு பெரும்பொழுது ஆறு. பின்பனியில் ஐயம் தன் இடத்தில் வளரும். இளவேனிலில் இடம் விட்டுப் பரவும். மாசி, பங்குனியில் என் கிளினிக்கில் இரைப்பு நோயாளிகள் கூடுவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். தெற்கேயிருந்து வரும் தென்றல் வீட்டுக்குள் நுழைய வழி வேண்டும், வாடையைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதோடு சேர்ந்தது. பார்த்தீர்களா? சுவர் மண்ணா, மரமா என்பதைவிட, வீடு எந்த நிலத்தில், எந்தக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது என்பதைத்தான் முன்னோர் முதலில் கேட்டார்கள்.

கட்டடக் கலைஞர்களில் இதைப் புரிந்துகொண்டவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் தொழுநோய் மருத்துவமனைக் கட்டடங்களுக்காக இந்தியா வந்தவர். மனைவி எலிசபெத் டாக்டர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் சொல்லைப் பிடித்துக்கொண்டு, திருவனந்தபுரத்தில் செலவு குறைந்த வீடுகளாகக் கட்டித் தள்ளினார். 2007-ல் காலமானார். ஆரோவில்லில் மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்திச் சுடாத கல் செய்கிறார்கள். மண் வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தப்புப் பண்ணினேன்!

நான் கட்டிய வீடு

தம்பி 1998-ல் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கான்கிரீட் வீடு கட்டினான். எனக்கு மனசு கேட்கவில்லை. 2014-ல் அவன் வீட்டுக்குப் பக்கத்து மனையில் சின்னதாக ஒரு மண் வீடு கட்டினேன். சனி, ஞாயிறு போய்த் தங்க. பழைய வீட்டுக்குச் சுவர் வைத்தவரின் மகன், எழுபது வயது ஐயா, வந்து நின்று வேலை சொன்னார். பனங்கை எல்லாம் இடித்த வீடுகளில் வாங்கியது. வைரம் பாய்ந்த மரத்தை இன்றைக்கு நினைத்தபடி வெட்டவும் முடியாது. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்துவிட்டார்கள். நல்லதுதான்.

அடித்தளம் போடும்போது ஐயா சொன்னார்: "வைத்தியரே, மூணடி தூக்குங்க." என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். நாலு படி ஏற வேண்டாமே என்று ஒன்றேகால் அடியில் நிறுத்தச் சொன்னேன். "ஒங்க தாத்தா கோட்டிக்காரரு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

ஒன்பது வருஷம் ராஜ வாழ்க்கை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஊரில்தான் இருந்தோம். காலையில் பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடு வழியில் நின்று, நூற்றுக்கணக்கான பேர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதைப் படித்திருப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு முற்றத்துக்குத் தண்ணீர் வந்தது. பதினோரு மணிக்கு அடித்தளத்தைத் தாண்டியது. மண் சுவர் எத்தனை மழையையும் தாங்கும், கூரை சரியாக இருந்தால். அடியில் நிற்கிற தண்ணீரைத் தாங்காது. கீழ்ப்படை ஊறி, பொங்கல் மாதிரி இளகத் தொடங்கியது. தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் வந்து எங்கள் இரண்டு பேரையும் இழுத்துப் போனான். அவன் வீட்டு மாடியில்தான் மூன்று நாள் இருந்தோம். எங்கள் தெருவில் இன்னும் பதினோரு பேர் அங்கே. விடியற்காலை மூன்று மணிக்கு மேற்குச் சுவர் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சுவரோரம்தான் நாங்கள் படுப்பது.

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் மண் வீடு கட்டுகிறவர்கள், சுவருக்கு நல்ல பூட்ஸும் நல்ல தொப்பியும் இருந்தால் போதும் என்பார்களாம். பிறகு படித்தேன். என் தாத்தா மூன்றடிக்குப் போட்டுவிட்ட பூட்ஸை, நான் முழங்கால் வலிக்காகக் கழற்றி வைத்திருக்கிறேன்!

அந்த வெள்ளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் மண் வீடுகள் எத்தனையோ கரைந்து போயின. எனக்கு அது வார லீவு வீடு. அவர்களுக்கு இருந்த ஒரே வீடு. அவர்கள் அரசாங்கக் கான்கிரீட் வீட்டுக்கு மனுப் போட்டால், "ஐயோ, பாரம்பரியம் போகிறதே" என்று நாம் பெருமூச்சு விடுவது சரியில்லை. 2004-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் செத்ததை மறந்துவிட்டு ஓலைக் கூரையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது.

பாயில் படுக்கிறவர்களுக்கு

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பதி வந்தார்கள். இவ்வளவையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப வேண்டாம்ங்கறீங்களா?"

"வேண்டாம்னு சொல்லலை. மருந்துன்னு நெனச்சுக் கட்டாதீங்கன்னு சொல்றேன்."

அவருடைய இரைப்புக்குத் தூண்டுகோல் எது என்று முதலில் உட்கார்ந்து பார்த்தோம். ஃபிளாட்டில் குளியலறைச் சுவர் கசிந்து படுக்கையறையில் பூஞ்சை. இருபது வருஷத்துப் பஞ்சு மெத்தை, அதில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. தினமும் சாயங்காலம் சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்திச் சுருள். இவற்றை மாற்ற ஃபிளாட்டை விற்க வேண்டியதில்லை. மண் வீட்டுக்குப் போனாலும் சாம்பிராணியும் சுருளும் கூடவே போனால் என்ன பிரயோசனம்? நொச்சி இலைப் புகை கொசுவை விரட்டும் என்று நானே பலருக்குச் சொல்வேன். இரைப்புக்காரர் இருக்கும் வீட்டில் அதுவும் கூடாது. மூலிகையாக இருந்தாலும் புகை புகைதான். இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி எந்த வைத்தியர் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் உட்பட, என்றும் சொன்னேன். என் குடிநீரும் சூரணமும் அதன் கூடத்தான்.

அவர் படத்தில் மூன்று இடத்தில் கை வைத்தேன். அடுப்பை வெளியே தள்ளினேன். காஸ் என்றாலும் அகலமான ஜன்னல் வேண்டும். ஓலைக்குப் பதில் நாட்டு ஓடு. பழைய ஓலை உதிர்க்கும் தூசியும் அதில் குடியேறும் பூச்சியும் இரைப்புக்கு ஆகாது. தீப் பயமும் குறையும். (ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் தூசி எந்த வகையானாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.) அடித்தளம் மூன்றடி, பக்கத்தில் வெள்ளம் வந்த அடையாளம் இருந்தால் அதற்கும் மேலே.

தரையில் கோரைப்பாய் போட்டுப் படுப்பதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினேன். கோரைப்பாய் உடல் சூட்டைத் தணிக்கும், நல்ல தூக்கம் தரும். மறுக்கவில்லை. ஆனால் வயல் ஓரத்து மண் வீட்டில் எலி வரும். எலி வந்தால் பின்னால் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாது, வீங்காது. பல்பட்ட இடமே சில சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தூக்க முடியாமல் சொருகுவது... 'ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலை' என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குள் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். இதற்கு என்னிடம் வரக் கூடாது, மந்திரிக்கவும் போகக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு ஊசியும் செயற்கை சுவாசமும்தான் காப்பாற்றும். கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருகிக்கொள்ளுங்கள். விறகு, தேங்காய் மட்டை, நெல் மூட்டையைப் படுக்கிற இடத்தில் அடுக்காதீர்கள். மெழுகிய தரையில் வெடிப்பும் வளையும் தெரிந்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

சாணம் மெழுகலாமா என்று அந்த அம்மா கேட்டார். தரைக்கு மெழுகலாம். புழுதி அடங்கும். காலில் புண் இருக்கிறவர்களும், சர்க்கரை நோயாளிகளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. பேரன் பேத்தி தவழ வந்தால் பாய் விரித்து விடுங்கள் என்றேன்.

"ஃபிளாட்டை விக்காம, ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசம் மட்டும் அந்தப் பக்கத்துல ஒரு பழைய மண் வீட்டை வாடகைக்குப் பிடிச்சு இருந்து பாருங்க. மழையில உங்க மூச்சு எப்படி இருக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே வாங்க. பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு சின்னக் கருவி மெடிக்கல் ஷாப்பில கிடைக்கும், தினம் காலையிலயும் சாயங்காலமும் ஊதிப் பாருங்க. பக்கத்துல ராத்திரி திறந்திருக்கற ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்னும் பார்த்து வச்சுக்குங்க" என்றேன்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அட்வான்ஸ் வாங்கவில்லை. மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், குளியலறைக் கசிவைச் சரி செய்துவிட்டார்கள் என்று ஆடியில் போன் வந்தது. ராத்திரி இரைப்பு வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறதாம். ஐப்பசிக்கு வீடும் பார்த்துவிட்டார்களாம். திண்ணை உள்ள ஓட்டு வீடு, நாலு படி.

என் வீட்டுக்கும் மேற்குச் சுவரைத் திரும்ப வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஐயா இப்போது இல்லை. அவர் பேரன்தான் வருகிறான். மூன்றடிக் கருங்கல், அதன் மேல் மண். என் மனைவிக்காகப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி போட்ட சரிவுப் பாதை. தை பிறந்ததும் இரண்டாவது படை.